பழவேற்காட்டில் ஒரு பகல்

நம் வீட்டுக் கொடிகளில் கைலி காயாத நாள் ஏது? ஆண்மக்கள் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் உடுத்திச் செல்லும் அந்த எளிய துணி எங்கே பிறந்தது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. யானும் எண்ணிப் பார்த்ததில்லை. என் உம்மாவின் தகப்பனார் பினாங்கில் கடை வைத்திருந்தவர். ஊர் திரும்பும்போதெல்லாம் பெட்டி நிறையக் கட்டம் போட்ட கைலிகளைக் கொண்டு வருவாராம். அவற்றை அவர் 'பெலிக்காட்' என்றே சொல்லுவார். மலாய் முஸ்லிம்கள் தொழுகைக்கு உடுத்தும் அந்தத் துணியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கின்றனர். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பதும் மலாய்ச் சொல்லாகவே இருக்கும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம்.

அது மலாய்ச் சொல் அன்று, ஊர்ப்பெயர். பழவேற்காடு என்னும் தமிழ்ப் பெயரை உச்சரிக்க மாட்டாத ஐரோப்பியர் 'புலிகாட்' என்றனர். அங்கிருந்து கப்பலேறிய துணி, போன இடமெல்லாம் ஊரின் பெயரையும் சுமந்து சென்றது. பாட்டனார் பினாங்கிலிருந்து அரும்பொருளாய்க் கொண்டு வந்த துணியின் தாயகம், நாங்கள் குடியிருக்கும் சென்னை மண்ணடியிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலேயே இருந்திருக்கிறது!

இதனை அறிந்த நாள்முதல் உம்மாவுக்கு அவ்வூரைக் காண வேண்டும் என்ற ஆவல். எழுபதைக் கடந்தவர், முழங்கால் நோவுள்ளவர். "கால் நடமாடும்போதே பார்த்துவிட வேண்டும்" என்றார். தை மாதத்து ஞாயிறு ஒன்றில் உம்மா, மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், ஒன்பது வயது மகன் ஆகியோருடன் புறப்பட்டேன். உம்மாவின் கைப்பையில் பழைய செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. என்னவென்று கேட்டதற்கு மறுமொழி இல்லை.

கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் மின்தொடர் வண்டியில் ஏறிப் பொன்னேரியில் இறங்கினோம். அங்கிருந்து பழவேற்காட்டிற்குப் பேருந்துகள் உள்ளன. வயல்களும் இறால் பண்ணைகளும் மாறி மாறி வர, காற்றில் உப்பு ஏறிக்கொண்டே போயிற்று. சாலை திரும்பிய ஓரிடத்தில் நீர் விரிந்து கிடந்தது. "கடல், கடல்" என்று மகன் கூவினான். கடல் அன்று, ஏரி. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீண்டு, பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்முனை தமிழ்நாட்டிலுமாகக் கிடக்கிறது. இத்தனை பெரிய நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே என்று சொன்னால் நம்புவது அரிது. நடு ஏரியில் ஒருவர் இடுப்பளவு நீரில் நடந்து செல்வதைக் கண்டு என் மனைவி திடுக்கிட்டுவிட்டார்.

ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்ட மணல்திட்டாகக் கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா. தெற்கே முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டு சேர்க்கின்றன. உப்பும் இனிப்பும் கலக்கும் இந்நீரில்தான் கடலிலிருந்து வரும் இறால் குஞ்சுகள் வளர்ந்து பெரிதாகின்றன. நண்டும் மடவையும் இவ்வேரி தரும் செல்வங்கள்.

இங்கே மீனவர் கடைப்பிடிக்கும் 'பாடு' என்னும் ஏற்பாடு என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஏரியில் மீன்வளம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. வலிமையுள்ளவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் எளியவன் பட்டினி கிடக்க வேண்டியதுதான். எனவே வலைகட்டும் இடங்களைப் பகுத்து, யாருக்கு எந்த நாளில் எந்த இடம் என்று சீட்டுப் போட்டு முறைவைத்துக் கொள்கின்றனர். இன்று வளமான இடம் கிடைத்தவர் நாளை வேறிடம் போக வேண்டும். எழுத்தறிவு குறைந்த காலத்திலேயே இவ்வளவு நேர்மையான பங்கீட்டைக் கண்டவர்களை என்னென்பது! பாடு உரிமை இல்லாதவர்களும் உண்டு. இருளர் குலத்தவர் வலையின்றி, ஆழங்குறைந்த நீரில் அமர்ந்து சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடிக்கின்றனர். பிடித்ததைப் போடும் ஓலைக்கூடையைப் பற்களால் கவ்விக்கொண்டிருக்கின்றனர், இரு கைகளும் வேலையில் இருப்பதால். சந்தையில் இறாலுக்குப் பேரம் பேசும் நாம் அந்தக் காட்சியை ஒருமுறை காண வேண்டும்.

படகுத்துறையை அடைந்ததும் சோதனை வந்தது. "படகில் போகலாம் வாப்பா" என்று மகன் கையைப் பிடித்து இழுத்தான். ஆள் ஒருவர் அருகே வந்து, முகத்துவாரம் வரை அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுவதாகத் தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தத் தாழ்ந்த குரலே எனக்குப் போதுமானதாக இருந்தது. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தோர் சென்ற படகு கவிழ்ந்து, பெண்களும் குழந்தைகளும் உட்பட 22 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னரே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. நான் மறுத்தேன். மகன் அழுதான். "எல்லாரும் போகிறார்களே" என்று மகளும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டாள். வெகுதொலைவு வந்து பிள்ளைகளின் முகத்தை வாடவிடுகிறோமே என்று என் மனமும் சற்றுத் தளர்ந்ததை மறைப்பானேன்? உம்மாதான் முடித்து வைத்தார். "அந்த இருபத்திரண்டு பேரையும் எல்லாரும் போகிறார்களே என்றுதான் ஏற்றியிருப்பார்கள்" என்றார். அதன் பிறகு யாரும் பேசவில்லை. இதழைப் படித்துவிட்டுப் புறப்படும் குடும்பத்தார் இதை மட்டும் மறவாதிருக்க வேண்டுகிறேன்.

பூநாரைகளைக் காணப் படகு தேவையுமில்லை. மழை ஓய்ந்த மாதங்களில் அவை ஆழமற்ற நீரில் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றன. தொலைவில் வெள்ளைக்கோடு போலத் தெரிந்தது திடீரென எழுந்தபோது, சிறகுகளின் உட்புறச் செம்மை விரிந்து, நீரின்மேல் ஒரு துணியை உதறியது போலிருந்தது. மகனின் அழுகை அத்தோடு நின்றது. தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்காகவே வருவோர் அண்ணாமலைச்சேரி பக்கமும், வடக்கே ஆந்திரத்தில் கூழைக்கடாக்கள் கூடுகட்டும் நேலப்பட்டுக்கும் செல்வதுண்டு.

ஊருக்குள் திரும்பினோம். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துக்கீசியர் இத்துறையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். முஸ்லிம்களும் இந்துக்களுமாகப் பெருவணிகர் நிறைந்த நகரம். பெகு நாட்டு மாணிக்கக் கற்கள் வந்து குவியும் இடம். இவ்வூர்த் துணி மலாக்காவுக்கும் சுமத்திராவுக்கும் பெகுவுக்கும் செல்லும் என்பது அவர் தரும் செய்தி. அவருக்கும் பல தலைமுறை முன்னரே நம்மவர் இங்கு வாழ்ந்திருக்கின்றனர். ஆட்சியாளரின் ஆணைக்குப் பணிய மறுத்ததால் அரபு மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டோர் நான்கு மரக்கலங்களில் புறப்பட்டனர் என்றும், அவற்றுள் ஒன்று இக்கரையை அடைந்தது என்றும் இங்குள்ள குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றன. அரபுத் தமிழில் எழுதப்பட்ட பழைய ஏடுகள் சில இல்லங்களில் பேணப்பட்டு வந்ததும் உண்மையே.

லுஹருக்குச் சற்று முன்பாகச் சின்னப் பள்ளிவாசலுக்குச் சென்றோம். அங்கே ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. 1914ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டதாகச் சொல்கின்றனர். முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு ஸலாம் கூறி அருகே வந்தார். "தம்பி, உங்கள் கடிகாரத்தைப் பாருங்கள்; பிறகு நிழலைப் பாருங்கள்" என்றார் என் மகனிடம். கைக்கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. நிழலோ இன்னும் உச்சிக்கு வரவில்லை. 12 மணி 18 நிமிடம் அளவிலேதான் அது உச்சிக்கு வந்து மறுபுறம் சாயத் தொடங்கியது. நம் நாட்டுக் கடிகாரங்கள் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு ஓடுகின்றன. பழவேற்காடு அதற்கு மேற்கே இருப்பதால் கதிரவன் இங்கே சுமார் ஒன்பது நிமிடம் பிந்தி உச்சியை அடைகிறான். தை மாதத்தில் பூமியின் ஓட்டத்தால் இன்னுமோர் ஒன்பது நிமிடம் கூடுகிறது.

நிழல் சாய்ந்தால் லுஹர். உச்சிவேளையில் இருந்த நிழலைக் கழித்துவிட்டு, பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமானால் ஷாஃபிகளுக்கும், இருமடங்கானால் ஹனஃபிகளுக்கும் அஸர். கைபேசி ஒலித்தால் தொழச் செல்லும் நாம், நம் முன்னோர் வானத்தைப் பார்த்துத் தொழுகைக்கு எழுந்தார்கள் என்பதை மறந்தே போனோம். என் மகன் தன் கட்டைவிரலை நிமிர்த்தி நிழல் பார்க்கத் தொடங்கிவிட்டான். அன்று மாலை வரை அதுவே அவனுக்கு விளையாட்டு.

பாங்கு ஒலித்தது. பெண்மக்கள் எங்கே தொழுவது என்று நான் தயங்கி நின்றபோது, பள்ளிக்கு அருகிலிருந்த வீட்டுக்காரர் தாமே வந்து அவர்களைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். தொழுதுவிட்டு நான் போய்ப் பார்த்தபோது, அவ்வீட்டுத் திண்ணையில் உம்மா நெடுநாள் பழகியவர் போல அமர்ந்திருந்தார். சுற்றிலும் சாயமேற்றிய பனங்குருத்தோலைகள். இவ்வூர் முஸ்லிம் பெண்கள் ஓலைமுடைவதில் கைதேர்ந்தவர்கள். மூடியுள்ள பெட்டி, வெற்றிலைக்கூடை, சிறு கிலுகிலுப்பை என்று விரல்கள் ஓடிய வேகத்தில் என் மகள் மயங்கி நின்றாள். ஒரு பெட்டி முடைய அரைநாள் ஆகும் என்றார் வீட்டுக்காரப் பெண்மணி. அவர் சொன்ன விலையைக் கேட்டு எனக்கு வெட்கமாக இருந்தது. சென்னையில் ஒரு வேளைத் தேநீருக்கு நாம் செலவிடுவதைவிடச் சற்றே அதிகம். பேரம் பேசாமல் நான்கு பெட்டிகள் வாங்கினோம்.

அங்கேதான் உம்மா தம் பொட்டலத்தைப் பிரித்தார். நீலமும் கருஞ்சிவப்புமாய்க் கட்டம்போட்ட கைலி, மடிப்பு விழுந்த இடத்தில் நைந்து போயிருந்தது. "எங்கள் வாப்பா பினாங்கில் வாங்கியது. இந்த ஊர்ப் பேர் வைத்த துணி. இதை நெய்த தறி எந்தத் தெருவில் இருந்தது என்று தெரியுமா?" என்று கேட்டார். ஓலை முடைந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன. எங்களுடன் வந்திருந்த அந்த முதியவர் கைலியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தறியை நானும் கண்டதில்லை, அம்மா. என் பாட்டனார் கண்டதாகவும் சொன்னதில்லை. கோட்டையைக் கேட்டால் தெரியும். அதுவும் வாய் திறக்காது" என்றார்.

அந்தக் கோட்டையைக் காணச் சென்றோம். துணி வணிகத்தைக் கைப்பற்ற வந்த ஒல்லாந்தர், 1610இல் விஜயநகர வேந்தர் வேங்கடபதியின் இசைவு பெற்று இங்கே வணிக நிலையம் அமைத்தனர். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அதனைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டிலேயே எழுந்தது கெல்டிரியா கோட்டை. சோழமண்டலக் கரை முழுவதற்குமான ஒல்லாந்தரின் தலைமையிடமாக, 1690இல் அது நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, இச்சிற்றூரே விளங்கிற்று. நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள், சாயவேர்ச் சிவப்பேறிய துணிகளைக் கப்பல் கப்பலாய் ஏற்றினார்கள். அத்துணிகளைக் கொடுத்துத்தான் கீழைத்தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இன்று கெல்டிரியா இருந்த இடத்தில் முட்புதர் மூடிய மேடும் தூர்ந்த அகழியுமே உள்ளன. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

எதிரே, சாலைக்கு அப்பால் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறையின் காப்பில் இருப்பதால் நன்றாகவே பேணப்படுகிறது. வாயிலில் இரு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கின்றனர். மண்டையோடும் மணற்கடிகாரமும் அவற்றோடு. உள்ளே நுழைவோருக்கு மவுத்தை நினைவூட்டும் ஏற்பாடு போலும். என் மகன் அதனருகே வர மறுத்துவிட்டான். உள்ளே பதினேழாம் நூற்றாண்டு முதலான கல்லறைகள். கப்பல்களும் குலச்சின்னங்களும் மலர்க்கொடிகளும் அணிசெய்யும் பெருங்கற்கள். பிறந்த ஊர், வகித்த பதவி, இறந்த நாள் எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

என் மகள் வரலாற்றுப் பாடம் படிப்பவள். அவள்தான் அந்தச் செய்தியைச் சொன்னாள். பதினேழாம் நூற்றாண்டின் பஞ்சங்களிலும் போர்களிலும் இக்கரையில் வாழ வழியற்றுப் போன மக்களை விலைக்கு வாங்கி, இதே துறையிலிருந்து ஒல்லாந்தர் பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாய் ஏற்றிச் சென்றிருக்கின்றனர். ஆயிரக்கணக்கில். "துணி போன கப்பலில்தான் ஆட்களும் போயிருப்பார்கள், வாப்பா. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லையே" என்றாள்.

எனக்கு விடை தோன்றவில்லை. பாட்டனார் பெருமையோடு உச்சரித்த 'பெலிக்காட்' என்னும் சொல்லுக்குள் இதுவும் இருந்திருக்கிறது. உம்மா கைலியை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, நிழலில் கிடந்த கல்லொன்றில் சற்றுநேரம் அமர்ந்திருந்தார். உதடுகள் அசைந்தன. யாருக்காக துஆ கேட்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

பிற இடங்களைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். போர்த்துக்கீசியர் காலத்தில், 1515இல் தோன்றியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயம் ஒன்று உண்டு. செம்புறைக் கல்லில் எழுந்த ஆதிநாராயணப் பெருமாள் கோயிலின் சிறு சிற்பங்களைக் காணவும் மக்கள் வருகின்றனர். பள்ளிவாசலும் கோயிலும் மாதா ஆலயமும் ஒரே கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் இது. பக்கிங்காம் கால்வாயும் இந்த ஏரியின் வழியாகவே செல்கிறது. ஒரு காலத்தில் விறகும் சுண்ணாம்புச் சிப்பியும் ஏற்றிய படகுகள் இதன் வழியே சென்னைக்குப் போயின.

அஸருக்குப் பின் பாலம் கடந்து கலங்கரைவிளக்கக் குப்பத்துக் கடற்கரையை அடைந்தோம். அகன்ற வெறும் மணல். கடைகள் மிகச் சில. குளிப்பதற்கு ஏற்ற கடல் அன்று. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவின் பக்கம் காட்டி மகனிடம் சொன்னேன்: இராமேசுவரத்துப் படகோட்டி வீட்டுப் பிள்ளை அப்துல் கலாம் திட்ட இயக்குநராய் இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஏவுகலம், 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு அங்கிருந்துதான் வெற்றியுடன் எழுந்தது. "இங்கிருந்து பார்த்தால் தெரியுமா?" என்றான். வலை சீர்செய்துகொண்டிருந்த மீனவர் முந்திக்கொண்டு விடை சொன்னார்: "நன்றாகத் தெரியும், தம்பி. முதலில் தீ தெரியும். பிறகுதான் சத்தம் வரும். அன்றைக்கு மட்டும் எங்களைக் கடலுக்குப் போக விடமாட்டார்கள்."

அவருக்கு ராக்கெட்டைப் பற்றிக் குறையில்லை. குறையெல்லாம் முகத்துவாரத்தைப் பற்றியே. மணல் சேர்ந்து வாய் அடைபடும்போது படகு தரைதட்டுகிறது; கடல்நீர் உள்ளே வருவது நின்றால் இறால் குஞ்சும் வருவதில்லை. தூர் வாரினால் சில மாதத்தில் மீண்டும் மூடிக்கொள்கிறது. நிலையாக ஒரு வழி அமைத்துத் தர வேண்டும் என்பது இங்குள்ள குப்பங்களின் நெடுநாளைய கோரிக்கையாக இருந்து வந்தது. "ஏரி மூச்சுவிடும் வாய் அது" என்றார் அவர். ஒல்லாந்தர் கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நின்ற கடல் அவருக்குப் பின்னால் அலையடித்துக்கொண்டிருந்தது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களின் பெருங்கப்பல்கள் இன்று அதே கடலில்தான் வந்து நிற்கின்றன.

செல்ல விரும்புவோருக்கு ஒரு சொல்: குடிநீரும் பகலுணவும் கையோடு கொண்டு செல்வது நலம். கடற்கரையில் நிழல் இல்லை. மாலைப் பேருந்து நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மக்ரிப் தொழுதுவிட்டுப் பொன்னேரிப் பேருந்தில் ஏறினோம். அந்த வீட்டுப் பெண்மணி பேருந்து நிறுத்தம் வரை வந்து, உம்மாவின் கையில் இன்னுமொரு பனையோலைப் பெட்டியைத் திணித்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். வண்டி நகர்ந்த பின் உம்மா அதைத் திறந்து, பாட்டனாரின் கைலியை மடித்து உள்ளே வைத்தார். பெட்டி அளவாகத்தான் இருந்தது. மூடியை அழுத்தி மூடி மடியில் வைத்துக்கொண்டு, மீஞ்சூர் வரும் முன்பே உறங்கிப்போனார்.